முறிந்த கங்கணம்

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஒரு கதை எழுதி வரச் சொன்னோம். விஷயத்தையும் நாமே கொடுத்தோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ராஜ்யங்கள்; தலைமுறை தலைமுறையாகத் தீராத சண்டை; அதை நிறுத்துவதற்கென்று ஒருவனோ ஒருத்தியோ வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். வழியில் பூதம் வரலாம், பேசும் பறவை வரலாம், பறக்கும் கம்பளமும் வரலாம். எதற்கும் நமக்கு ஆட்சேபணை இல்லை. கடைசியில் சமாதானம் மட்டும் வந்தாக வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

நாற்பத்திரண்டு கதைகள் வந்து சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதையும் அவற்றைத் திருத்துவதில் கழித்தோம். பூதங்களுக்குப் பஞ்சமே இல்லை. சமாதானத்துக்குத்தான் பஞ்சம். முப்பது கதைகளுக்கு மேல் கதாநாயகன் ஒரு மந்திர வாளைச் சம்பாதித்துக்கொண்டு வந்து, இரண்டு ராஜாக்களில் ஒருவனைத் தீர்த்துக் கட்டிவிட்டு, மற்றவனுடைய குமாரியை மணந்துகொள்கிறான். இன்னும் சில கதைகளில் அவன் கொண்டுவந்த ரத்தினத்தின் ஒளி பட்டதுமே இரு ராஜாக்களும் கண்ணீர் உகுத்துக் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். ஒரு பையன் இரண்டு ராஜாக்களையுமே பரலோகம் அனுப்பிவிட்டுக் கதாநாயகனுக்கு இரட்டைப் பட்டாபிஷேகம் செய்து வைத்திருந்தான். அவன் பிற்காலத்தில் பெரிய ராஜதந்திரியாக விளங்குவான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஒரே ஒரு பெண் மட்டும் அரைப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தாள். கூப்பிட்டு விசாரித்தோம். "சண்டை நின்ற பிறகு எழுதுவதற்கு என்ன இருக்கிறது, சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது நம்மால் விடை சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுத நேர்ந்தது.

குழந்தைகளைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. நாம் அவர்களுக்குச் சொல்லி வந்த கதைகள் அப்படிப்பட்டவை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ராஜகுமாரன் போவது எதற்காக? குகைக்குள் இருக்கும் கூண்டில் ஒரு கிளி இருக்கிறது. அந்தக் கிளியின் கழுத்தைத் திருகினால் ராக்ஷசன் உயிர் போய்விடும். அதற்காகத்தான். பயணம் என்றால் எதிரியின் உயிர் இருக்கும் இடத்தைத் தேடிப் போவது என்றே சிறுவர்கள் எண்ணியிருக்கிறார்கள். எதிரியிடம் இருக்கும் வேறு எதையாவது தேடிப் போன கதை உண்டா என்று யோசித்துப் பார்த்தோம். அப்பொழுது, பல வருஷங்களுக்கு முன் வாசித்த ஓர் ஆங்கிலக் கதை நினைவுக்கு வந்தது. அன்று முதல் இரவு நேரங்களில் நமது புதல்விக்கு அதைச் சிறிது சிறிதாகச் சொல்லி வந்தோம். நேயர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

அதை எழுதியவர் உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க மாதரசி. 1929-ல் கலிபோர்னியாவில் பிறந்து, 2018-ல் காலமானார். அவருடைய தந்தை ஆல்பிரட் குரோபர் பெயர் பெற்ற மானிடவியல் பேராசிரியர். கலிபோர்னியாவின் ஆதிக்குடிகளுடைய மொழிகளையும் பழக்க வழக்கங்களையும் ஆராய்ந்து எழுதி வைத்தவர். அந்தக் குடிகளில் யாஹி என்ற இனம் அடியோடு அழிந்து, கடைசியில் ஒரே ஒரு மனிதன் 1911-ல் காட்டிலிருந்து வெளியே வந்தான். 'இஷி' என்று அழைக்கப்பட்ட அந்த மனிதனுடைய சரித்திரத்தை 1961-ல் புத்தகமாக எழுதியவர் லெ குவினுடைய தாயார் தியோடரா. ஒரு ஜாதியார் மற்றொரு ஜாதியாரை என்ன செய்துவிட முடியும் என்பதை அறிந்த வீட்டில் வளர்ந்த பெண் என்பதற்காக இதைச் சொல்லுகிறோம். அவர் இளைஞர்களுக்காகக் கற்பித்த கற்பனை உலகத்தின் பெயர் எர்த்ஸீ. எங்கு பார்த்தாலும் கடல்; கடலுக்கு நடுவே நூற்றுக்கணக்கான தீவுகள். முதல் புத்தகம் 1968-ல் வெளிவந்தது. இரண்டாவதாகிய 'த டூம்ஸ் ஆஃப் அடுவான்' 1971-ல் வெளிவந்தது. அந்த வருஷங்களில் அமெரிக்கச் சேனை வியட்நாமில் யுத்தம் செய்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கதைக்கு வருவோம்.

அந்தத் தீவுகளுக்கு ஒரு காலத்தில் ஒரே சக்கரவர்த்தி இருந்தார். பிறகு எண்ணூறு வருஷ காலம் சிம்மாசனம் காலியாகவே கிடந்தது. தீவுக்குத் தீவு சிற்றரசர்கள். ஒருவரோடு ஒருவர் ஓயாத பூசல். கிழக்கே இருந்த கார்காட் தேசத்தாரோ எல்லோருக்கும் பொதுவான எதிரிகள். கப்பல் கப்பலாக வந்து கொள்ளையடித்து, ஊர்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போவார்கள். தீவுகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுத்த மேனியர், செம்பு நிறத்தவர்; கார்காட் தேசத்தார் வெள்ளை நிறத்தவர். எதிரி என்று அடையாளம் கண்டுகொள்வதற்கு நிறமும் ஓர் உதவியாகிவிட்டது.

முற்காலத்தில் எர்ரெத்-அக்பே என்ற மகாவீரர் ஒரு வெள்ளிக் கங்கணம் வைத்திருந்தார். அதில் ஒன்பது மந்திர எழுத்துக்கள் பொறித்திருந்தன. கார்காட் தேசத்தின் பிரதான பூசாரியோடு நேர்ந்த போரில் அந்தக் கங்கணம் இரண்டாக முறிந்துபோயிற்று. முறிவு சரியாக ஓர் எழுத்தின் நடுவே விழுந்தது. மனிதரை மனிதரோடு பிணைக்கும் எழுத்து அது. அதன் நிழலில் இருந்து ஆண்டால்தான் அரசன் நன்றாக ஆள முடியும் என்பது ஐதிகம். எட்டு எழுத்துக்களையும் வித்துவான்கள் அறிவார்கள். அந்த ஒன்றின் வடிவம் மட்டும் உலகத்துக்கே மறந்துபோயிற்று. கங்கணத்தின் ஒரு பாதி எதிரி நாட்டுக் கோயில் பொக்கிஷத்தில் புதைந்தது. மற்றப் பாதி எதிரி நாட்டு அரச குலத்தில் ஒருவர் கை மாறி ஒருவர் கையில் இருந்து, பிறகு காணாமற் போயிற்று.

காணாமற் போன பாதி கிடைத்த விதம் விசித்திரமானது. கதாநாயகன் பெயர் கெட். பெயரைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டாம், நல்லவன்தான். ஒரு கொல்லனுடைய மகன், ஆடு மேய்த்த பையன். பன்னிரண்டாவது வயதில், கார்காட் கொள்ளைக்காரர்கள் அவன் ஊரைத் தாக்க வந்தபோது, கற்றுக்கொண்டிருந்த சொற்ப மந்திரத்தால் மூடுபனியை வரவழைத்து ஊரை மறைத்துக் காப்பாற்றியவன். பின்னர் பெரிய மந்திரவாதியாகி, ஒரு சமயம் படகு உடைந்து, நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் ஒதுங்கினான். அங்கே ஒரு கிழவரும் கிழவியும் இருந்தார்கள். அண்ணனும் தங்கையும். குழந்தைகளாக இருந்தபோது அந்தத் திட்டில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். பேசக்கூட ஏறக்குறைய மறந்துவிட்டவர்கள். உண்மையில் அவர்கள் கார்காட் அரச குலத்துக் குழந்தைகள். நாட்டைக் கைப்பற்றியவன் ராஜரத்தம் சிந்தப் பயந்து, அவர்களை நடுக்கடலில் எறிந்துவிட்டிருந்தான். புறப்படும்போது அந்தக் கிழவி தன்னிடம் இருந்த உடைந்த வெள்ளித் துண்டு ஒன்றை அவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாள். அது இன்னதென்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பதிலுக்கு அவன், உப்புக் கரித்துக் கிடந்த அவர்களுடைய ஊற்றை மந்திரத்தால் நல்ல தண்ணீராக்கிவிட்டுச் சென்றான். பிறகு ஒரு யாளி நாகம் சொல்லித்தான் அந்தத் துண்டு என்னவென்று அவனுக்கு விளங்கிற்று.

அதன் பிறகே பயணம். மற்றப் பாதியைத் தேடிக் கெட் தன்னந்தனியாக எதிரி நாட்டுக்குப் போகிறான். அடுவான் தீவில், பூமிக்கு அடியில், பெயரில்லாத இருட்டுத் தெய்வங்களுடைய சமாதிகள். அவற்றைச் சுற்றி வழி தெரியாத சுரங்கப் பாதைகள். அங்கே வெளிச்சம் கொண்டு போவதே மகாபாவம். அந்த இடத்துக்குத் தலைவி பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பெண். தெனார் என்பது தாய் தந்தையர் இட்ட பெயர். ஐந்து வயதில் அவளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, "நீதான் மறு பிறவி எடுத்து வந்த பூசாரிணி, உனக்குப் பெயர் கிடையாது" என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். தெய்வங்களின் பெயரால் கைதிகளுக்கு மரண தண்டனை விதித்தவள் அவள். விதித்துவிட்டு இரவில் உறக்கம் இல்லாமல் நடுங்கியவள்.

சுரங்கத்துக்குள் அந்நியன் ஒருவன் விளக்கொளியோடு நடமாடுவதை அவள் கண்டாள். இரும்புக் கதவை அடைத்துவிட்டாள். கெட் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். நாவறண்டு, வழி தெரியாமல் விழுந்துவிட்டான். அவனைச் சாக விட்டுவிட வேண்டியதே அவளுடைய தர்மம். அவளுக்குக் கற்பித்ததும் அதுதான். ஆனால் அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொடுத்த பிறகு பேச்சு; பேச்சுக்குப் பிறகு கேள்வி. அவன் அவளுடைய பாஷையிலேயே பேசினான். அவள் மறந்திருந்த தெனார் என்ற பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தான்.

பொக்கிஷ அறையில் மற்றப் பாதி கிடைத்துவிடுகிறது. ஆனால் வெளியே வர அவனால் முடியாது. இருட்டுத் தெய்வங்களைத் தடுத்து நிறுத்துவதிலேயே அவன் சக்தியெல்லாம் செலவாகிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தின் வழிகள் தெரிந்தவளோ அவள். அவளுக்கும் தனியாக வெளியேறும் துணிவு இல்லை. எதிரிகள் இருவரும் ஒருவரையொருவர் நம்பினால் பிழைக்கலாம். நம்பாவிட்டால் இரண்டு பேரும் அங்கேயே சமாதி. நம்பினார்கள். கங்கணத்தை ஒட்டி அவள் கையில் பூட்டினான் கெட். சமாதிகள் இடிந்து விழ, இருவரும் தப்பித்துப் படகேறித் தலைநகருக்குச் சென்றார்கள்.

இவ்வளவோடு 'சுபம்' போட்டிருந்தால் இதுவும் ரத்தினக் கதைகளில் ஒன்றாகியிருக்கும். ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. தப்பித்து வந்து கடற்கரையில் தங்கியிருந்தபோதே, தெனாருக்கு ஆத்திரம் மூண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கெட்டைக் கொல்லப் போகிறாள். இவனால் அல்லவா நமது உலகம் இடிந்தது என்ற நினைப்பு. பிறகு கத்தியைத் தாழ்த்தி, வீணாய்ப்போன வருஷங்களை நினைத்து அழுகிறாள். பகைவன் மேல் வைத்த நம்பிக்கை ஒரே நாளில் உறுதிப்படுவதில்லை என்பதை எவ்வளவு உண்மையாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்!

கங்கணம் வந்து சேர்ந்துவிட்டது. சண்டை நின்றதா? இல்லை. சிம்மாசனம் இன்னும் காலி. மூன்றாவது புத்தகம் 1972-ல் வந்தது. கதையில் பல வருஷங்கள் கழிந்த பிறகு அதில்தான் லெபன்னன் என்ற இளவரசன் அரசனாகிறான். 1990-ல் நாலாவது புத்தகம். தெனார் அங்கே ஒரு தீவில் குடியானவர் வீட்டு விதவை. நெருப்பில் போட்டு வதைக்கப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கடைசிப் புத்தகம் 2001-ல். கார்காட் அரசன் தன் மகளைக் கொண்டுவந்து தலைநகரில் விட்டுவிடுகிறான். முக்காடிட்ட அந்தப் பெண்ணுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. லெபன்னனுக்கோ அடங்காத கோபம். அப்பொழுது யார் வருகிறார்கள்? கிழவியாகிவிட்ட தெனார். அந்தப் பெண்ணிடம் அவளுடைய தாய்ப் பாஷையில் பேசுகிறாள். அந்நிய ஊரில் தன் பாஷையைக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

1971-ல் ஒட்டிய கங்கணத்தின் வேலையை முடிப்பதற்கு ஆசிரியைக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டது. நமது வகுப்புப் பெண்ணின் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது என்று நினைக்கிறோம். சண்டை நின்ற பிறகுதான் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. யார் யாருக்கு எந்தப் பாஷையில் சொல்வது, எரிந்த குழந்தையை யார் வளர்ப்பது, முக்காடிட்டு நிற்கும் பெண்ணிடம் முதலில் யார் போய்ப் பேசுவது என்பவை எல்லாம் அதில் அடக்கம்.

மந்திரவாதியும் யாளி நாகமும் வரும் கதையை நம்பி நடப்பு விவகாரங்களைப் பேசலாமா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மந்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். இல்லாமற் போனது ஒன்று. அதன் ஒரு பாதியாவது எதிரியின் வீட்டில் இருக்கிறது. அடித்துப் பிடுங்கினால் வராது. அந்த வீட்டில் ஒருவர் கதவைத் திறந்தால்தான் வரும். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

மந்திரம் சிறிதும் கலவாத சாட்சி நம்முடைய புறநானூற்றிலேயே உண்டு. சோழர் குலத்தில் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று இருவர். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். பின்பு உறையூரிலும் அதே கதை. கோவூர் கிழார் என்ற புலவர் இருவருக்கும் நடுவே போய் நின்றார். கோட்டைக்குள் இருப்பவனிடம், குழந்தைகள் பாலின்றி அழுவதையும், யானைகள் தீனியின்றி வருந்துவதையும் எடுத்துச் சொன்னார். அறத்தை நினைத்தாலும் கதவைத் திற, மறத்தை நினைத்தாலும் கதவைத் திற, அடைத்துக்கொண்டு இருப்பது வெட்கம் என்றார். உறையூரில் இருவரையும் பார்த்து அவர் சொன்னது இன்னும் கூர்மையானது. எதிரில் நிற்பவன் சேரனுடைய பனம்பூவையோ பாண்டியனுடைய வேப்பம்பூவையோ சூடியிருக்கவில்லை. இரண்டு பேர் தலையிலும் ஒரே ஆத்திமாலைதான். எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார். புலவர் கையில் கங்கணமும் இல்லை, வாளும் இல்லை. இரு சாராரிடமும் பேசக்கூடிய நாக்கு ஒன்றுதான் இருந்தது.

அங்கேயும் கதை சுபமாக முடிந்ததென்று சொல்வதற்கில்லை. நெடுங்கிள்ளியைக் 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்று புறநானூற்றுக் குறிப்பே அழைக்கிறது. காரியாற்றில் மாண்டான் என்பது பொருள். ஆயினும் புலவர் போய் நின்றது வீண் என்று நாம் நினைக்கவில்லை. நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்ற ஏழைப் புலவனை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் போனபோது, தடுத்துக் காப்பாற்றியவரும் இதே கோவூர் கிழார்தான். அந்த ஓர் உயிராவது மிஞ்சிற்று.

இஃதிருக்க, நமது வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் ஊருக்கு உபதேசமாகிவிடும்.

எட்டு வருஷங்களுக்கு முன் நமக்கும் நமது தமையனாருக்கும் பாகப் பிரிவினை நடந்தது. நிலத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம், கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. கிணற்றில் ஆரம்பித்த வார்த்தை எங்கெங்கோ போய், அன்று முதல் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. தகப்பனார் திதிகூட இரண்டு வீட்டில் தனித்தனியே நடக்கிறது. அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு ஒரு ஜோடி இருந்தது. பஞ்சாயத்தார் மிக்க நியாயமாக ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

திருக்கார்த்திகைக்கு முதல் நாள் நமது புதல்வி அந்த விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். தெனார் கதை முடிந்து இரண்டு மூன்று நாட்கள்தாம் ஆகியிருந்தன.

"அப்பா, இதற்கு ஜோடி பெரியப்பா வீட்டில்தானே இருக்கிறது?" என்றாள்.

"ஆமாம்."

"அவர்களும் நாளைக்கு ஒற்றை விளக்கைத்தானே ஏற்றுவார்கள்?"

நாம் பேசாமல் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அவளும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனோம். தமையனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். வாசலில் நின்றோம். திரும்பிவிடலாமா என்று கால் தயங்கிற்று. அதற்குள் அண்ணி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள்" என்று வைத்தார். குடித்தோம். கூடத்தில் அம்மாவின் விளக்கு தெரிந்தது. அதுவும் நன்றாகத் துலக்கியிருந்தது.

கால் மணி நேரம் கழித்துத் தமையனார் வெளியே வந்தார். நம் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பஸ்ஸுக்குப் போகிறாய்?" என்று கேட்டார்.

"நாலரை மணிக்கு" என்றோம்.

"ஏழு மணிக்கும் ஒரு பஸ் இருக்கிறது" என்றார்.

ஏழு மணிப் பஸ்ஸில்தான் திரும்பினோம். கிணற்றைப் பற்றி இன்னும் பேசவில்லை.